தொண்டைப் பாட்டும் சடங்கு வீடும்

கனடாவின் வடகோடிப் பனிநாட்டில் வாழும் இன்யூட் பெண்களின் தொண்டைப் பாட்டை முனைவர் பட்டத்துக்காக ஆறு வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தேன். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சாலேயே பாடுவார்கள். முதலில் சிரிப்பவள் தோற்றாள். புதுக்கோட்டையில் இருந்துகொண்டு இதை ஏன் எடுத்தாய் என்று கேட்காதீர்கள். "புதுசா இருக்கும்மா" என்றார் நெறியாளர். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

பாடுகிற ஒருவரிடமாவது பேட்டி எடுக்காவிட்டால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று கடைசியில் அவர் கறாராகச் சொல்லிவிட்டார். பல்கலைக்கழகம் கொடுத்த நீட்டிப்பும் முடியப்போகிறது. மாதக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பி ஒரு பாடகியைச் சம்மதிக்க வைத்தேன். அவர் கொடுத்த ஒரே நேரம், நமக்கு ஞாயிறு காலை எட்டு மணி. அதே எட்டு மணிக்குத்தான் கீரமங்கலத்தில் என் நாத்தனார் மகளுக்குச் சடங்கு. நான் தாய்மாமன் மனைவி. முதல் சொம்புத் தண்ணீரை நான் ஊற்றாமல் வேறு யாரும் ஊற்ற முடியாது. எங்கே போய் முட்டிக்கொள்வது?

நாத்தனார் வீட்டுச் சாமான் அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். அரிசி மூட்டைமேல் போனைச் சாய்த்து வைத்து, காணொளியில் பாடகியை அழைத்துப் பதிவை ஓடவிட்டேன். பேட்டி பாதிகூட ஆகவில்லை, கதவைத் தட்டினாள் நாத்தனார்.

"அண்ணி, உள்ள என்ன பண்றீங்க? புள்ள பலகையில ஒக்காந்து எம்புட்டு நேரமாச்சு! இங்கிட்டு வாங்க!"

"வாரேன், ரெண்டே நிமிசம்!"

அதற்குள் வாசலில் பெண்கள் குலவை போட ஆரம்பித்துவிட்டார்கள். பாடகி பேச்சை நிறுத்திவிட்டு, "அது என்ன?" என்றார். முகத்தில் அப்படியொரு ஆவல்.

"மன்னியுங்கள், வெளியே வெறும் கூச்சல்" என்று சொல்லிச் சன்னலைச் சாத்தினேன். பாவி, எனக்கு வேறு வார்த்தையே வரவில்லை.

சாத்திய பிறகும் குலவை கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே அவர் சொன்னார்: "எங்கள் அம்மா பாடியதையும் வெள்ளைக்காரர் பள்ளிக்கூடத்தில் வெறும் கூச்சல் என்றுதான் சொன்னார்கள். அதன்பிறகு அவள் பாடவே இல்லை."

மறுபடியும் கதவு தட்டல். நன்றி சொல்லி வைத்துவிட்டு ஓடினேன். யார் முகத்தையும் பார்க்காமல் முதல் சொம்பை ஊற்றினேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

நெறியாளர் பதிவைக் கேட்டார். "பிரமாதம்மா. நடுவுல வர்ற அந்தக் கூச்சல மட்டும் வெட்டிருங்க."

"சார், அவங்க அம்மாவப் பத்திச் சொல்றது அதுலதான் சார் இருக்கு."

"கையெழுத்து வேணுமா, வேண்டாமா?"

வெட்டினேன். இப்போது என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று இருக்கிறது.