கல்லறைக்குள்ளிருந்து வந்த பொலி

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, எனக்கு இன்னும் வயிறு எரிகிறது, அதனால் சொல்கிறேன்.

இலங்கை மலைநாட்டில், றொசல்லப் பக்கம் எங்கள் தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால், கல்லால் கட்டிய ஓர் அறை. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்தை விட்டு ஓடியவர்களைப் பிடித்து வந்து அடைத்த சிறை. பாழாய்க் கிடந்ததைத் தோட்டத்தை நடத்த வந்த புதுத் துரை வெள்ளையடித்து, பழைய விலங்கைச் சுவரில் மாட்டி, விருந்தாளிகளுக்குக் காட்சிசாலை ஆக்கினார். நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் எங்கள் குடியுரிமையைப் பறித்தார்கள், விலங்கை மட்டும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தார்கள்!

ஒருநாள் வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்று பார்க்க வந்தது. வெறும் அறை எடுப்பாக இல்லையாம். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு என் மனைவி மாரியாயியைக் கூப்பிட்டார்.

"கூடையோட உள்ள போய் உக்காரு. மாட்டேன்னா பேர வெட்டிருவேன்."

பேர் வெட்டினால் வேலையும் போகும், லயத்து வீடும் போகும். வெறுங்கூடையோடு போய் உட்கார்ந்தாள். வெளியே பூட்டிப் படம் பிடித்தார்கள், சிரிப்பு வேறு. நான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் போன பிறகு பூட்டு திறக்கவில்லை. கண்டாக்கு சாவியைத் திருகித் திருகி வியர்த்துப்போனார். அந்த நேரம் பார்த்து, மேல்மலையில் கொழுந்தெடுக்க நிரை பிடித்த பெண்கள் வழக்கம்போல் விளைச்சல் பெருகவேண்டும் என்று சாமியை நினைத்து "பொலியோ பொலி" என்று குரல் கொடுத்தார்கள். உள்ளேயிருந்து மாரியாயி "பொலி" என்றாள். கூடவே இன்னொரு பெண்ணும் சொன்னாள். சத்தியமாக இரண்டு குரல்.

பூட்டு தானாகக் கழன்று விழுந்தது. மாரியாயி வந்தாள், கூடை நிறையப் பச்சைக் கொழுந்து, பனி ஈரம்கூடக் காயவில்லை.

"யாரு புள்ள உள்ள?"

"ஒரு அக்கா இருக்காங்க. வெள்ளக்காரன் ஆட்சி முடிஞ்சிருச்சான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அப்ப என்னைய ஏன் இன்னும் விடலன்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல, நீங்களே சொல்லுங்க."

கண்டாக்கு உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கொழுந்து கொழுந்துதானே" என்று கூடையைப் பிடுங்கித் தொழிற்சாலைக்கு அனுப்பினார். அடைபட்டுக் கிடக்கிறவள் பறித்ததையும் விட்டார்களா!

இப்போதும் பெண்கள் பொலி சொன்னதும் மாரியாயி கையை நிறுத்திக் காது கொடுப்பாள். கீழே தொழிற்சாலைப் பக்கமிருந்து அந்தக் குரல் பதில் சொல்லும். அறையைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், துரை புதுப் பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறார்.