நீட்டு வாலும் கட்டை வாலும்

யாழ்ப்பாணத்தில் பழைய காசு வாங்கி விற்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. செப்புக் காசைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டு வந்து, "நல்லா மினுங்குதெல்லோ?" என்பார்கள். மினுங்கும்தான். பெறுமதி போய்விட்டிருக்கும்.

சாவகச்சேரியிலிருந்து வந்த அந்த அம்மா கொண்டுவந்தது செப்பு இல்லை, விக்ரோறியா ராணி காலத்துத் தங்கப் பவுண் காசு. தாயின் தாலிக்கொடியில் கோத்திருந்த இரண்டில் ஒன்று. மற்றது கொழும்புத்துறையில் இருக்கும் தங்கச்சியிடம்.

"போலி எண்டால் போலி எண்டு சொல்லுங்கோ அண்ணை. தங்கச்சியின்ரை மோளுக்கு வாற கிழமை கலியாணம். போறதோ விடுறதோ எண்டு நீங்கள் சொல்லுறதை வைச்சுத்தான் முடிவெடுப்பன்."

அந்தப் பவுணின் ஒரு பக்கத்தில் குதிரை வீரன் ஒருவன் வலுசர்ப்பத்தைக் கொல்வான். தங்கச்சியின் காசில் குதிரைக்கு நீட்டு வால், இவரின் காசில் கட்டை வால். வருஷம் ஒன்றே. தாய் செத்த பிறகு நகைக்கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரு மாதிரி இல்லை" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. தாயைக் கடைசிவரை பராமரித்த தங்கச்சிதான் நல்லதை எடுத்துக்கொண்டு போலியைத் தள்ளிவிட்டாள் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

நிறை பார்த்தேன். விளிம்பையும் எழுத்துகளையும் லென்ஸில் பார்த்தேன்.

"இது நல்ல பவுண் அம்மா."

"அப்ப வால்?"

என் பெட்டியில் கிடந்த அதே வருஷத்து நீட்டு வால் பவுணை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். "அந்த வருஷம் ரெண்டு விதமான அச்சாலையும் அடிச்சிருக்கினம். அச்சுத்தான் வேறை. தங்கம் ஒண்டு."

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அவளின்ரை மூத்த பெடியன்ரை கலியாணத்துக்கும் நான் போகேல்லை."

எனக்கு அந்த நகைக்கடைக்காரர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. 'ரெண்டும் நல்லதுதான்' என்று இன்னும் ஒரு வசனம் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கலியாணம் முடிந்த பிறகு அக்காவும் தங்கச்சியும் ஒரு பலாப்பழத்தோடு கடைக்கு வந்தார்கள். தங்கச்சி தன் பவுணையும் கொண்டுவந்திருந்தார். பார்த்தேன், அதுவும் நல்லது.

"காசு சேர்க்கிற ஆக்கள் எந்த வாலுக்குக் கூடக் குடுப்பினம்?" என்று தங்கச்சி சும்மா கேட்டார்.

இரண்டில் ஒன்று அரிதாகத்தான் கிடைக்கும். விலையும் கூட. அதைக் கேட்டால் எனக்கு வாய் நிற்காது. தொடங்கப் போனேன், அக்கா கையைக் காட்டி மறித்தார்.

"சொல்லாதேங்கோ அண்ணை. உந்த வால் எங்களைப் பிரிச்சு வைச்சது காணும், இனியும் வேண்டாம்."

லென்ஸை வைத்துவிட்டுப் பழம் வெட்டக் கத்தி தேடினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அச்சு வித்தியாசம் கண்ணில் பட்டதும் துள்ளாதீர்கள். காசு நல்லதென்றால் அதை முதலில் சொல்லுங்கள். விலையை, விற்க வந்தவருக்கு மட்டும் சொல்லுங்கள். அந்த இருவரும் இப்போதும் வருகிறார்கள். எது அரிய வால் என்று இதுவரை கேட்கவில்லை.