பக்கத்து வீட்டு ஜன்னலும் பாதிப் பலகையும்

மயிலாப்பூரில் டிராம் ஓடும் சாலையில் குடியிருந்தால், வண்டியில் போகிறவர்கள் எல்லாரும் நம் கூடத்தை எட்டிப் பார்த்துக்கொண்டுதான் போவார்கள்.

அதற்காகப் பக்கத்து வீட்டு ராமசேஷன் ஒரு தேயிலைப் பெட்டியை உடைத்து, பலகைகளைச் சாய்வாக அடுக்கி, ஜன்னலுக்குத் தன் கையாலேயே மரத்திரை செய்து மாட்டினார்.

"கடைசிப் பலகை மட்டும் பாதியிலேயே நிக்கறது பாருங்கோ. அந்த இடுக்கு வழியா அவா உள்ளேருந்தே தெருவைப் பாத்துக்கலாம். என்ன மூளை அவருக்கு," என்றாள் என் மனைவி.

மூன்று நாளாக இதே பேச்சு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

நானும் ஒரு பெட்டி வாங்கினேன். அவர் கோயிலுக்குப் போன சமயம் பார்த்து அவர் ஜன்னலை நூல் பிடித்து அளந்தேன். அந்தப் பாதிப் பலகையையும் விடவில்லை. நேற்று என் மரத்திரையும் ஏறிவிட்டது.

இன்று காலை டிராமில் அவர் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. வண்டி எங்கள் இரண்டு வீட்டையும் தாண்டியது.

"உம்ம ஜன்னல் பேஷா இருக்கு ஓய்," என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அவர் இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தார். "எனக்குக் கடைசிப் பலகைக்கு மரம் போதலை, பாதியோட விட்டுட்டேன். உமக்கும் அதே இடத்துலயா போதாமப் போச்சு?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மிச்சம் இரண்டு முழுப் பலகை என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. உங்களில் யாருக்காவது வேண்டுமா? அவர் கோயிலுக்குப் போகும் நேரமாகப் பார்த்து வாருங்கள்.