போகித் தீயில் மகனின் பொம்மைகள்

குடுமியான்மலைக்கு அருகில் வசிக்கும் நான், நாள்தோறும் பதிகம் ஓதுபவன். நாற்பது வயதாகும் என் மகன் சிறுவயது முதல் சேர்த்த, படங்களில் வரும் வீரர்கள், அரக்கர்கள் உருவிலான ஆக்‌ஷன் பொம்மைகள், பூசையறைக்கு எதிரே கண்ணாடி அலமாரியில் நின்றன. "கொம்பு மொளச்ச அசுரப் பயலுகளுக்கு அலமாரி ஒரு கேடா?" என்று ஏசுவேன். கடந்த போகியன்று, அவன் குளிக்கச் சென்ற வேளையில் அனைத்தையும் தீயிலிட்டேன்.

ஈரத்தலையுடன் ஓடிவந்தவன், உருகும் பொம்மைகளைப் பார்த்து அழுதான்.

"பொம்மைக்காடா அழுகுற? வெக்கமா இல்ல?" என்றேன்.

"பதிகம் தப்பாச் சொன்னேன்னு பெரம்பால வெளுப்பீங்கள்ல? அப்பல்லாம் அதுகளத்தான் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்ப்பா."

இறைவனுக்காகவே அடித்தேன் என்று அதுவரை பெருமை கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் அவன் வீட்டில் இருக்கையில் நான் வாய்விட்டு ஓதுவதில்லை.