துரைமாருக்குப் படகு போகுது

சீமையிலிருந்து படக்கம்பனி ஒன்று வந்து இறங்கியிருக்கிறது என்ற செய்தி அபூதாஹிரின் தேத்தண்ணிக் கடைக்கு வந்து சேர்ந்தபோது, சோமசேகரம் வழக்கம்போல யானைக் கதையில் நின்றார்.

"அந்த யானை என்ன செய்தது தெரியுமே? எங்கட அப்புவின்ர பொட்டலத்தைத் தும்பிக்கையால தூக்கி, தேக்க மரத்துக் கவட்டில வச்சிட்டுது. நாங்கள் கீழ நிண்டு பார்க்கிறம்."

"சோமர், போன கிழமை சொல்லேக்க அது மூங்கில் காடு," என்றார் அபூதாஹிர், தேநீரை ஆற்றியபடி. "ஒரு கிழமையில எப்பிடியப்பா தேக்கு முளைச்சது?"

கடை குலுங்கிச் சிரித்தது. சோமசேகரமும் சேர்ந்து சிரித்தார். கப்பல்துறை ஊரில் அவருக்கு 'பர்மாப் புழுகர்' என்று பெயர். அந்தப் பெயருக்கு அவரும் பழகிப்போயிருந்தார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

சோமசேகரத்தின் தகப்பன் சாம்பல்தீவுக்காரர். இளவயதில் ரங்கூனுக்குப் போய், துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கி, அங்கேயே குடும்பமானவர். யப்பான்காரன் குண்டு போட்ட ஆண்டில் தாய், தகப்பன், மகன் மூவரும் சனத்தோடு சனமாகக் காட்டுவழியே இந்தியாவுக்கு நடந்தார்கள். தகப்பனும் மகனும்தான் வந்து சேர்ந்தார்கள். தகப்பன் ஊர் மண்ணை மிதித்த கையோடு காய்ச்சலில் போய்விட்டார். மகன் சாம்பல்தீவுப் பெண் கமலேஸ்வரியைக் கட்டி, சீனக்குடாவில் வெள்ளைக்காரக் கடற்படையின் எண்ணெய்க் குதங்கள் என்ற பெரிய இரும்புத் தொட்டிகளில் துருக் கறள் சுரண்டி வர்ண மை பூசும் வேலைக்குச் சேர்ந்து, கப்பல்துறையில் குடியேறினார்.

அவர் நடந்து வந்ததை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. நம்பாததற்கு அவர் மீதும் குற்றம் உண்டு. தாய் எங்கே, எப்படிப் போனாள் என்று சொல்லவேண்டிய இடம் வரும். அந்த இடத்தில் ஒரு யானையைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். ஒரு நாள் யானை, மறுநாள் அட்டை, இன்னொரு நாள் மலைப்பாம்பு. கதை வளர வளர நடை பொய்யாகிக்கொண்டு போனது.

"குண்டு பார்த்தது நீங்கள் மட்டுமே? திருக்கோணமலையிலயும்தான் போட்டவன்," என்பாள் கமலேஸ்வரி. "நாங்கள் யானைக் கதை சொல்லிக்கொண்டா திரியிறம்?"

அன்றைய செய்தியைக் கொண்டுவந்தவர் இராசதுரை. பட்டணத்தில் கந்தோர் உத்தியோகம் பார்த்தவர். இங்கிலீஸ் தண்ணீர்பட்ட பாடு. படக்கம்பனி அவரை மொழிபெயர்க்க வைத்திருந்தது. ஜீப்பை விட்டு இறங்கும்போதே அரைவாசி டைரக்டர் மாதிரித்தான் இறங்கினார்.

"பர்மா யுத்தப் படம். இங்க கிண்ணியாப் பக்கத்துக் கங்கைக் கரையில எடுக்கினம். பர்மாவில இருந்து தப்பி ஓடுற சனம் மாதிரி நடக்க ஆம்பிளையள், பொம்பிளையள் வேணும்."

"மாதிரி ஏன் ஐயா?" அபூதாஹிர் கை காட்டினார். "அசல் சரக்கே இந்தா குந்தியிருக்குது! யானையும் சேர்த்துத் தருவம்."

இராசதுரை சோமசேகரத்தை மேலும் கீழும் பார்த்தார். "ஓ, அந்தப் புழுகர் நீர்தானே? வாரும். ஆனா காமராவுக்கு முன்னால வாய் திறக்கப்படாது, விளங்கிச்சோ?"

சோமசேகரம் தலையாட்டினார். அந்த நடையைப் படம் பிடிக்கப் போகிறார்கள்! பட்டணத்துத் தியேட்டரில் போடுவார்கள்! அபூதாஹிரும் கமலேஸ்வரியும் ஊர் முழுவதும் திரையில் பார்ப்பார்கள். பிறகு எந்த வாய் புழுகு என்று சொல்லும்? ஜீப் போனதும் நேரே வீட்டுக்கு ஓடினார். கமலேஸ்வரி கிணற்றடியில் நின்றாள். கொடியில் கிடந்த அவளுடைய ஒட்டுப்போட்ட கட்டச் சேலையை இழுத்து, அவள் காணாமல், தலையில் வைக்கும் பொட்டலமாகக் கட்டி ஒளித்துவைத்தார்.

படப்பிடிப்பு நாளன்று கங்கைக் கரை தேர்த் திருவிழாவாக இருந்தது. கிண்ணியா, மூதூர், குறிஞ்சாக்கேணி என்று எல்லாப் பக்கத்துச் சனமும் அகதி வேஷத்தில் நின்றது. முகத்துக்குப் புழுதி பூசியிருந்தார்கள். புழுதிக்கு மேலால் பல்லெல்லாம் சிரிப்பு. காமரா திரும்பிய பக்கமெல்லாம் கையசைத்தார்கள்.

"சிரிக்காதேங்கோ! நீங்கள் சாகப் போற சனம்!" என்று இராசதுரை கத்தினார்.

"சாகிறதுக்குள்ள ஒருக்காச் சிரிச்சிட்டுச் சாகிறமே!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

முதல் காட்சியில் வெள்ளை அதிகாரியாக நடித்தவர் படகில் ஏறி ஆற்றைக் கடக்க வேண்டும். படகு வலித்தவர்கள் சீமை நடிகர்கள். துடுப்பைப் பிடிக்கத் தெரியவில்லை, படகு வட்டமடித்தது. கரையில் அழுதுகொண்டு நிற்கவேண்டிய சாம்பல்தீவு மீன்பிடிகாரருக்கு அந்தக் கொடுமையைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலவில்லை. தொபுக்கடீர் என்று பாய்ந்து, நீந்திப் போய், படகைப் பிடித்து நேராக்கி, "இப்பிடி வலி துரை, இப்பிடி!" என்று பாடமும் எடுத்துவிட்டார்கள். டைரக்டர் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். அகதிகள் எல்லாரையும் திரும்பவும் கரையேற்றி, உலரவைத்து, புழுதி பூச மதியமாகிவிட்டது.

மதியத்துக்குப் பிறகு முக்கியமான காட்சி. ஆற்றங்கரையில் காவல் அரண். குறுக்கே ஒரு மூங்கில். கதையின்படி அந்த அதிகாரி இரக்கம் மிகுந்தவர். மூங்கிலைத் தூக்கிவிட்டு, "வாருங்கள், எல்லோரும் வாருங்கள்" என்று கறுத்த சனத்தைக் கைபிடித்து அழைக்கிறார். சனம் நன்றியோடு ஏதாவது பாடிக்கொண்டு போனால் நன்றாயிருக்கும் என்று டைரக்டருக்கு அப்போதுதான் தோன்றியது.

"பாட்டு ஒண்டு பாடட்டாம். உங்கட பாட்டு எதெண்டாலும் சரியாம்," என்றார் இராசதுரை.

ஆளையாள் பார்த்தார்கள். ஒருவன் கல்யாணப் பாட்டை எடுத்தான். இன்னொருவன் தாலாட்டுக்குப் போனான். சந்தை இரைச்சல்தான் எழும்பியது. ஒலி பிடிக்கிறவர் காதிலிருந்து கருவியைக் கழற்றினார்.

சோமசேகரம் மூங்கிலையே பார்த்துக்கொண்டு நின்றார். காட்டுவழியில் கண்ட மூங்கிலின் அதே உயரம். அதே போலக் கயிற்றில் ஆடும் மூங்கில். அப்போது அதிகாரியின் மனைவியாக நடித்த பெண், தன் மடிநாயைத் தூக்கிக்கொண்டு ஒய்யாரமாகப் படகில் ஏறினாள். நாய் படகின் முன் அணியத்தில் ஏறி நின்று கரையைப் பார்த்துக் குரைத்தது.

அவர் பாடவேண்டும் என்று நினைக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

*படகு போகுது படகு போகுது, துரைமாருக்குப் படகு போகுது,*
*நடந்து போகுது நடந்து போகுது, நம்ம சனம் நடந்து போகுது.*

நடைக்கு ஏற்ற தாளம். பின்னால் நின்ற பெண்கள் அதை உடனே பிடித்துக்கொண்டார்கள். பொட்டலத்தோடு அவர் கால் எடுத்து வைக்க, சனமும் கால் எடுத்து வைத்தது.

*வெள்ளை நாய்க்கும் படகில் இடம், கறுத்த பிள்ளைக்குக் கரையில் இடம்,*
*மூங்கில் வெட்டி வழிய மறிச்சான், முன்னால் போனா துவக்கைப் பிடிச்சான்,*
*தண்ணி கேட்டா நாளைக்கு என்றான், நாளை வந்தா நாங்கள் இல்லை.*

இப்போது யாரும் சிரிக்கவில்லை. புழுதி முகங்களில் கண்ணீர் கோடு போட்டது. இரக்கமுள்ள அதிகாரி மூங்கிலை உயர்த்தி, புன்னகையோடு கையை நீட்டினார். சனம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே "நாளை வந்தா நாங்கள் இல்லை" என்று பாடிப் பாடிக் கடந்தது.

"கட்!"

டைரக்டர் துள்ளிக்கொண்டு ஓடிவந்தார். முகமெல்லாம் பூரிப்பு. இராசதுரையிடம் படபடவென்று என்னவோ கேட்டார். சோமசேகரத்துக்குக் கொஞ்சம் இங்கிலீஸ் விளங்கும். அந்தப் பாட்டின் கருத்து என்ன என்று கேட்கிறார்! குதத்து வேலை போச்சு. படமும் போச்சு, அந்தப் பாட்டை வெட்டி எறிந்துவிடுவார்கள்.

இராசதுரை சோமசேகரத்தின் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இது ஆர் கட்டின பாட்டு?"

"ஒருத்தரும் கட்டேல்லை ஐயா. நடந்த சனம் பாடினது. ஒரு ஆள் ஒரு வரி சொல்ல, மற்ற ஆள் மற்ற வரி."

"நாய்... உண்மையா?"

"உண்மை ஐயா. அந்த மூங்கிலடியிலதான் எங்கட அம்மா முடிஞ்சவ. தண்ணிக்கு நிண்டு."

இராசதுரை அவரைப் பார்த்தார். முன்பு ஜீப்படியில் பார்த்த பார்வை இல்லை. பிறகு திரும்பி, கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, டைரக்டரிடம் நல்ல இங்கிலீஸில் சொன்னார்: "ஆற்றைப் பற்றிப் பாடுகிறார்கள், சேர். ஆறு எங்களுக்குத் தாய் மாதிரி என்று."

டைரக்டர் சோமசேகரத்தின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

படக்கம்பனி போய் இரண்டாம் வருஷமும் ஆகிவிட்டது. "எங்க சோமர், உம்மட படத்தை யானை விழுங்கிட்டுதோ?" என்று அபூதாஹிர் நாள் தவறாமல் விசாரித்தார். கமலேஸ்வரி காணாமல்போன சேலைக்கு அயல்வீட்டுக்காரியோடு கோபம் போட்டுக்கொண்டிருந்தாள். சோமசேகரம் மூச்சு விடவில்லை. பாட்டு இருக்குமோ, இல்லையோ? சீமையில் எவனாவது தமிழ் தெரிந்தவன் கேட்டிருந்தால்?

ஒரு நாள் கண்டி வீதியில் ஒலிபெருக்கி கட்டிய கார் வந்தது. "திருக்கோணமலை மண்ணில் எடுக்கப்பட்ட மாபெரும் பர்மா யுத்தப் படம்!"

பகல் மெட்னிக் காட்சிக்குக் கப்பல்துறை முழுவதும் லொறி ஏறியது. கீழே கலரியில் அபூதாஹிர், பக்கத்தில் சோமசேகரம், அடுத்தது கமலேஸ்வரி. மேலே பல்கனியில் வெள்ளைச் சீருடையில் கடற்படைக்காரர். அவர்களுக்கு நடுவில் கோட்டுப் போட்ட இராசதுரை.

"அந்தா குறிஞ்சாக்கேணி வாப்பா!" "எடேய், அது எங்கட மாமி!" என்று ஒவ்வொரு முகத்துக்கும் விசில் பறந்தது. சோமசேகரத்தின் முகம் ஓரிடத்திலும் வரவில்லை. ஆறு வந்தது. மூங்கில் வந்தது. நாய் படகில் ஏறியது. அவர் கதிரைச் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சத்தமே இல்லை. சனம் வாயை அசைத்தது; வயலின்தான் கேட்டது. அவர் கண்ணை மூடினார்.

வயலின் மெல்ல அடங்கியது. அதற்குள்ளிருந்து கிளம்பி வந்தது அவருடைய குரல், கரகரப்பு மாறாமல்: *படகு போகுது, படகு போகுது...*

'வெள்ளை நாய்க்கும்' என்ற இடத்தில் கலரி வெடித்தது! கதிரைகளில் ஏறி நின்றார்கள், சால்வைகளைச் சுழற்றினார்கள். திரையில் அந்த நல்ல அதிகாரி சிரித்துச் சிரித்துக் கை நீட்ட, சனம் அவரிடமே அந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டு போனது. பல்கனியில் கடற்படைக்காரர் தாளம் பிடித்துப்போய் சப்பாத்தால் தட்டினார்கள். ஒருவன் குனிந்து இராசதுரையிடம் என்னவோ கேட்டான். "ஆறு, சேர், ஆறு!" என்று இராசதுரை கத்தினார். சிரிப்பை அடக்க முடியாமல் அவருடைய கோட்டு குலுங்கியது.

"அது என்ர சீலை!" கமலேஸ்வரி துள்ளி எழும்பினாள். திரையில் ஒரு முதுகு போனது. தலையில் ஒட்டுப்போட்ட கட்டச் சேலைப் பொட்டலம். "என்ர சீலைதான்! நீங்களோ எடுத்தனீங்கள்? அந்த மனிசியோட நான் இரண்டு வருஷமாக் கதைக்கிறேல்லை!"

"திருப்பிப் போடு! வன்ஸ்மோர்!" என்று எழும்பிய முதல் குரல் அபூதாஹிருடையது. "ஒப்பரேட்டர், திருப்பிப் போடடாப்பா! எங்கட ஆள்ற பாட்டு!"

மெசின் அறையில் என்ன நினைத்தார்களோ, படம் நின்றது, வெளிச்சம் வந்தது, போனது. மூங்கில் மறுபடியும் வந்தது. இம்முறை தியேட்டர் முழுவதும் பாடியது. சோமசேகரம் மட்டும் பாடவில்லை. கமலேஸ்வரி திரையைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி கேட்டது உங்கட அம்மாவோ?"

"ஓம்."

"எந்தப் பக்கக் கரையில?"

அவர் விரலை நீட்டி, திரையின் இடது ஓரத்தில், மூங்கிலின் அடியைக் காட்டினார். இரைச்சலுக்குள் அவளுடைய காதோடு காதாகச் சொல்லத் தொடங்கினார். யானை வரவில்லை. இந்தப் பக்கத்தில் அபூதாஹிர் பாடுவதை விட்டுவிட்டு, தலையைச் சரித்து, தானும் கேட்டுக்கொண்டிருந்தார்.