கடலோரத்தில் எனக்கென்று ஒரு வாரம்

இராமேசுவரம் தீவில் எனக்குச் சொந்தமாக ஒரு வாரம் இருக்கிறது. நிலமில்லை, வீடில்லை, வாரம்தான். தன் ஊர்க் கடற்கரையைக் கடல் தாண்டி வந்து காசு கொடுத்து வாங்குகிறவன் உலகத்தில் இருப்பானா என்று கேட்பீர்கள். ஷார்ஜாவில் இருக்கிறான். அடுத்தவர்களுடைய ஒப்பந்தங்களில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் அவனுக்குச் சம்பளம் தருகிற வேலை என்பதையும் சொல்லிவிட்டால் வெட்கம் ஒரே தவணையில் தீர்ந்துவிடும்.

இங்கே மால்களில் சுரண்டும் சீட்டை நீட்டுவார்கள். யார் சுரண்டினாலும் பரிசு விழும். தோற்பதற்கு ஆளே இல்லாத போட்டி எனக்கு விநோதமாகப் படவில்லை. என் அதிர்ஷ்டம் என்றே நினைத்தேன். பரிசை வாங்க ஓட்டலுக்கு மனைவியோடு வரவேண்டுமாம். தனியாகப் போனேன். மனைவி ஊரில் என்றதும் விட்டுவிடுவார்கள் என்று எழுந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் கழுத்துப்பட்டை கட்டியிருந்த இளைஞர், "இங்கன உக்காருங்க காக்கா. லாத்தாட்ட போன்ல கேட்டுக்கிருவோம்" என்றார். அண்ணனைக் காக்கா என்றும் அக்காளை லாத்தா என்றும் அழைப்பது எங்கள் கடற்கரை முஸ்லிம்களின் வழக்கம். தன் ஊர் திருப்புல்லாணிப் பக்கம் என்றார். நாள் முழுக்க இந்தியிலும் உடைந்த அரபியிலும் குரைத்துக்கொண்டிருக்கிறவனுக்கு அந்த 'இங்கன' போதும். ஊர்க்காரர் நீட்டுகிற தாளை அவர் முன்னாலேயே வரி வரியாகப் படிப்பது எங்களிடையே மரியாதைக் குறைவு. நான் மரியாதை தெரிந்தவன்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போவான். இரண்டு வருடத்துக்கொரு முறை லீவில் போய் மாமியார் வீட்டு மாடியறையில் தங்கிவிட்டு வருகிறேன். கீழே மாமியார், மச்சினிச்சிகள், அவர்கள் பிள்ளைகள், என்னைப் பார்க்க வருகிறவர்கள். என் மனைவி ஜமீலா அடுப்படிக்கும் வந்தவர்களுக்குமாக அல்லாடிவிட்டுப் படியேறி வரும்போது நான் குறட்டைவிட்டுக்கொண்டிருப்பேன். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் நாங்கள் இருவரும் தனியாக ஒரு வேளை சோறு தின்றதில்லை.

இராமேசுவரம் தீவில் கம்பெனி விடுதியில் வருடத்துக்கொரு வாரம் தங்கும் உரிமையை எடுத்துச் சொல்லிவிட்டு இளைஞர் போன் போட்டுக் கொடுத்தார்.

"நாம ரெண்டு பேரு மட்டுமா மச்சான்?"

"ஆமா. அக்காள்மடம் பக்கத்துல. கடலப் பாத்த மாதிரி."

"உம்மா கூட வரவேணாம்ல?"

"வேணாம்."

"அப்பக் கையெழுத்தப் போடுங்க" என்றாள்.

எந்த வாரம் வேண்டுமானாலும் போகலாம், பிடிக்காவிட்டால் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ளும் என்றார் இளைஞர். விலை இன்று சாயங்காலம் வரைதான் என்றார். வருடாவருடம் பராமரிப்புக்கென்று தனியாகக் கட்டவேண்டியதைப் பற்றி மூச்சுவிடவில்லை. வாயால் சொன்னதெல்லாம் தாளில் இருக்கிறதா என்று நான் பார்த்திருக்க வேண்டும். யோசித்துவிட்டு வருகிறேன் என்றபோது டீயை மாற்றி மாற்றி ஊற்றி எழவிடாமல் வைத்திருந்தாரே, அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். கூட்டாளிகளே, உங்களுக்காவது உறைக்கட்டும்.

அடுத்த ஆடியில் போனோம். ஜமீலா புதுச் சேலையோடு, வீட்டில் யாரிடமும் சரியாகச் சொல்லாமல், தூக்குச்சட்டியில் ஆணம் என்று நாங்கள் சொல்லும் மீன் குழம்பும் இடியாப்பமும் எடுத்துக்கொண்டு வந்தாள். வரவேற்பில் இருந்த பையன் கணினியைப் பார்த்துவிட்டு, "சார், உங்களுது மழைக்கால வாரம். ஐப்பசி, கார்த்திகையிலதான் எடுக்க முடியும்" என்றான். எனக்கு லீவு ஆடியில்தான் என்றேன். அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். ஐப்பசியில் அந்தத் தீவில் புயல் கூண்டு ஏற்றினால் மீன்பிடிக்கிறவர்களே படகைக் கரையேற்றிவிடுவார்கள். எதிரே புளியமரத்தடியில் நின்று இடியாப்பத்தைத் தின்றோம். ஆட்டோக்காரர் பார்த்துக்கொண்டே இருந்ததால் அதையும் தனியாகத் தின்றதாகச் சொல்ல முடியாது.

ராமநாதபுரத்தில் வக்கீலைப் பார்த்தேன். "கையெழுத்துப் போட்டது ஷார்ஜாவுலதான, அங்கன போய்க் கேளுங்க" என்றார். ஷார்ஜாவில் சுரண்டும் சீட்டு நீட்டிய இடத்தில் இப்போது வாசனைத் திரவியம் விற்கிறார்கள். இளைஞரின் எண் உபயோகத்தில் இல்லை. புகார் கொடுக்கப் போன அலுவலகத்தில் கந்தூரா என்ற நீண்ட வெள்ளை அங்கி அணிந்த அரபு அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"வீடு உன்னுடையதா?"

"ஒரு வாரத்துக்கு."

"மற்ற வாரங்களில் எங்கே இருப்பாய்?"

"இங்கே. ஆறு பேரோடு ஓர் அறையில்."

"மனைவி?"

"அவள் தாயார் வீட்டில்."

நான் வீடில்லாமல் உதவி கேட்டு வந்திருக்கிறேன் என்று அவர் புரிந்துகொண்டார். பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, இடம் இந்தியாவில் இருப்பதால் இந்தியாவில்தான் கேட்கவேண்டும் என்றார். எனக்கு நடந்த மோசடி எந்த நாட்டிலும் நடக்கவில்லை. இரு கரைக்கும் நடுவில், விமானம் பறக்கிற உயரத்தில் எங்கோ நடந்திருக்கிறது.

அன்று போன் கார்டு வாங்கி ஜமீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனி ஒன்றும் செய்ய முடியாது, அந்த ஒரு வாரம் போனது போனதுதான் என்று முடித்தேன்.

"விடுங்க மச்சான்" என்றாள். "தனியா இருந்தா மட்டும் பேசியா இருப்பீங்க? ஏழு நாளும் தூங்கியிருப்பீங்க."