என் இ-ரீடரில் இருக்கும் சாலை அரியலூரில் இல்லை

இது 2025 மாசி மாதத்தில் போய்வந்த பயணம். வருடத்தையும் மாதத்தையும் முதல் வரியிலேயே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

ஆறு வருடமாகச் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். எந்த நாட்டுக்குப் போனாலும் டேட்டா வாங்க மாட்டேன். போகிற இடத்தைப் பற்றிய இணையப் பக்கங்களைச் சேமித்து இ-ரீடரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதற்கென்று நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். விளம்பரம், படம், தேதி, பின்னூட்டம் என்று எனக்குக் குப்பையாகத் தெரிந்த எல்லாவற்றையும் வெட்டிவிட்டுக் கட்டுரையை மட்டும் தரும். பேட்டரி மூன்று வாரம் நிற்கும், வெயிலில் கண் கூசாது. வியட்நாமில் பத்து நாள் யாரிடமும் ஒரு வார்த்தை வழி கேட்காமல் சுற்றினேன் என்று இதே தளத்தில் பெருமையடித்ததும் நான்தான்.

திருச்சியில் சித்தி மகள் கல்யாணம். அது முடிந்ததும் இரண்டு நாள் மிச்சம் இருந்தது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் கல்லாகிப்போன மரமும் கடல் நத்தைகளும் உண்டு என்று 43 பக்கங்கள் சேமித்து வைத்திருந்தேன். என் இந்திய நம்பர் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருந்தது. சிங்கப்பூர் சிம்மில் ரோமிங் போடவில்லை. ஆக, சொந்த நாட்டிலும் வெளிநாட்டுக்காரன் மாதிரியே இறங்கினேன்.

திருச்சியிலிருந்து பெரம்பலூருக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். லாட்ஜில் ஒரு இரவு 900 ரூபாய். லாட்ஜ்காரரே பக்கத்து டிராவல்ஸில் கார் சொல்லி, ஓனரின் கார்டையும் கையில் கொடுத்தார். கிலோமீட்டருக்கு 14 ரூபாய்.

காலை ஏழரைக்குக் கார் வந்தது. டிரைவர் பெயர் கலியபெருமாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், சட்டைக்கு மேல் இடுப்பில் அகலமான பெல்ட். பாடாலூரில் டீ குடிக்க நிறுத்தியபோது அவராகவே சொன்னார்.

"பதினஞ்சு வருசம் சுண்ணாம்புக்கல்லு டிப்பர் ஓட்டுனேன் தம்பி. இடுப்பு போயிடுச்சு. இனிமே டிப்பர்ல ஏறுனா படுத்துடுவன்னுட்டாரு டாக்டரு. இங்க ரெண்டு மாசம் பாக்குறேன்னு வண்டி குடுத்துருக்காரு மொதலாளி. ஒரு கம்ப்ளைண்ட் வந்தாலும் சாவிய மேசையில வச்சிட்டுப் போயிடணும். சனிக்கெழமையோட முடியுது." சிரித்தார். "நீங்கதான் எனக்குக் கடைசிப் பேப்பரு. பாத்து மார்க் போடுங்க."

"ம்" என்றேன். இ-ரீடரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

சாத்தனூர் கல்மரத்துக்கு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்துக் கிடக்கிறது. நாற்பது நிமிடம் போதும். நான் போன நாளில் பக்கத்தில் கடை எதுவும் திறந்திருக்கவில்லை, தண்ணீரும் தொப்பியும் அவசியம்.

அடுத்தது நத்தைகள் கிடக்கும் ஓடை. என் பக்கத்தின்படி, குளத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் 11 கிலோமீட்டர். கலியபெருமாள் திரும்பாமல் நேராகப் போனார்.

"அண்ணே, லெஃப்ட்ல போகணும்."

"அந்த ரோடு இல்லீங்க தம்பி. சுத்திகிட்டுத்தான் போவணும். இருவத்தாறு கிலோமீட்டரு."

"இதுல பதினொண்ணுன்னு போட்டிருக்கு."

"போட்டுருக்கும். அந்த ரோட்ட நானே வண்டியில ஏத்திகிட்டுப் போயிருக்கேன்."

ரோட்டை எவனாவது வண்டியில் ஏற்றுவானா? என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். கிலோமீட்டரைக் கூட்டுகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு இளநீர் வண்டியைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னேன்.

"போன் கொஞ்சம் குடுங்கண்ணே, ஒரு கால் பண்ணணும்."

திரையைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். "வூட்டுக்குத்தான? மெதுவா பேசுங்க தம்பி" என்றபடி, என் பேச்சு காதில் விழக்கூடாது என்று தள்ளிப் போய் இளநீர் வண்டியிடம் நின்றுகொண்டார்.

கார்டைப் பார்த்து நம்பரை அழுத்தினேன். திரையில் 'முதலாளி' என்று வந்தது. அந்த இடத்திலாவது நான் துண்டித்திருக்கலாம். செய்யவில்லை. "உங்க டிரைவர் வேணும்னே சுத்துறார், பதினோரு கிலோமீட்டரை இருபத்தாறு ஆக்குறார், கேட்டா நக்கலடிக்கிறார்" என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் என் கையில் இளநீரை வைத்தார். "வழுக்கையாப் பாத்து வெட்டச் சொன்னேன்."

குடித்துவிட்டு, வண்டியைத் திருப்பி என் வழியில்தான் போகவேண்டும் என்றேன். என்னை ஒரு தடவை பார்த்தார். "சரி வாங்க, கண்ணால பாத்துட்டு வந்துருவோம்."

இடது பக்கம் திரும்பி நான்கு கிலோமீட்டர் தார் ரோடு நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஆள் உயரத்துக்கு ஒரு மண்மேடு, முள்கம்பி. ரோடு அதன் அடியில் நுழைந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்ததும் கிட்டே வந்தார். இந்த ரோட்டில் அந்தப் பக்கம் போக வேண்டும் என்றேன்.

"ரோடா? மேல ஏறி எட்டிப் பாருங்க. அடியில லாரி போவுது பாருங்க, அதுக்கு மேல பனமரம் ஒசரத்துல போச்சு ரோடு. பறந்து போறதுன்னா போங்க."

ஏறிப் பார்த்தேன். வெளிர் மஞ்சள் நிறத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம். அடியில் டிப்பர்கள் தீப்பெட்டி அளவில் ஊர்ந்தன.

"சும்மா இருங்கக்கா, தம்பி படிச்சதுல அப்படிப் போட்டுருக்கு, அவரு என்ன பண்ணுவாரு" என்றார் கலியபெருமாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டிக் காட்டினார். "அந்த மூலையிலதான் தாரோட சேத்து அள்ளுனாங்க தம்பி. மொத லோடு என் வண்டியிலதான் ஏறுச்சு."

அவர் கிண்டல் செய்யவே இல்லை. நடந்ததைச் சொல்லியிருக்கிறார்.

அப்போது போன் அடித்தது. "சொல்லுங்கய்யா" என்றார். அப்புறம் "இல்லீங்கய்யா." இன்னொரு தடவை "இல்லீங்கய்யா." கடைசியாக "சரிங்கய்யா." வைத்துவிட்டு, திரையில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"என் போன்லேர்ந்தா தம்பி பேசுனீங்க?"

 

போனை வாங்கி ஓனரைக் கூப்பிட்டேன். சுரங்கத்தைச் சொன்னேன், தப்பு முழுக்க என்னுடையது என்றேன்.

"பரவால்ல சார். கடைசியில எல்லா கஸ்டமரும் எரக்கப்பட்டு இப்படித்தான் சொல்வாங்க."

"அவர் ஒண்ணும் கேக்கலைங்க. நானாத்தான் சொல்றேன்."

"அவன் போன்லேர்ந்துதான சார் பேசுறீங்க? பக்கத்துலதான நிக்கிறான்?"

நின்றுகொண்டுதான் இருந்தார். அதே போனில் நான் சொன்ன புகாரை அந்த மனிதர் உடனே நம்பினார். உண்மையை நம்பவில்லை.

கலியபெருமாள் சுற்றுவழியிலேயே என்னை ஓடைக்குக் கூட்டிப்போனார். சரியாக 26 கிலோமீட்டர். மணலில் குனிந்து நத்தைகளைத் தேடிக் காட்டினார், பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அந்த நத்தைகள் எப்படி இருந்தன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நான்கு மணிக்கு அரியலூர் ஸ்டேஷன். பையை இறக்கி வைத்து, "தண்ணி புடிச்சிக்குங்க தம்பி, போயிட்டு வாங்க" என்றார். சாவியைக் கொடுக்க அவர் பெரம்பலூர் திரும்ப வேண்டும். கூடவே நானும் போய் ஓனர் முன்னால் நின்று நேரில் சொல்லியிருக்கலாம். பாதை தெரிந்தது, ஒரு மணி நேரம்தான். அங்கிருந்து சென்னைக்கு விடிய விடிய பஸ் உண்டு. என் விமானம் மறுநாள் மாலைதான். எல்லாக் கணக்கும் மனதில் ஓடியது. ஆனாலும் சென்னை ரயிலில் ஏறிவிட்டேன். இந்தப் பயணத்தில் எனக்கு நினைக்கவே கூசுவது அந்தப் போன் பேச்சைவிட இதுதான்.

சிங்கப்பூர் வந்து அந்தப் பக்கத்தை இணையத்தில் திறந்தேன். கட்டுரைக்கு ஒன்பது வயது. நான்காவது பின்னூட்டம்: "இந்த ரோடு இப்போது இல்லை, சுரங்கம் வந்துவிட்டது, 26 கிமீ சுற்றிப் போகவும்." என் ஸ்கிரிப்ட் குப்பை என்று வெட்டியது இதைத்தான். சரிசெய்ய இரண்டு வரியை நீக்கினால் போதும். முப்பது விநாடி வேலை.

என் சொந்த நம்பரிலிருந்து டிராவல்ஸுக்குக் கூப்பிட்டுக் கலியபெருமாளைக் கேட்டேன். "அவர் இப்ப இல்லீங்க சார். புது டிரைவர் நல்லா ஓட்டுவாரு, எப்ப வர்றீங்க?" கலியபெருமாளின் நம்பர் என்னிடம் இல்லை. அவர் போனில் இரண்டு தடவை பேசியவன், அவர் நம்பரைக் கேட்டு வாங்கவில்லை.

போகிறவர்களுக்கு: சாத்தனூரிலிருந்து ஓடைக்குச் சுற்றுவழி ஒன்றுதான். மாசியிலேயே பதினோரு மணி வெயில் தாங்கவில்லை, சீக்கிரம் கிளம்புங்கள். பக்கங்களைச் சேமிக்கிறவர்கள் தேதியையும் பின்னூட்டங்களையும் சேர்த்தே சேமியுங்கள், இந்தப் பக்கத்தையும்தான். என்னைப் போல ஒருவன் எழுதிய ஸ்கிரிப்ட் தேதியை வெட்டினாலும் மிஞ்சட்டும் என்றுதான் வருடத்தையும் மாதத்தையும் முதல் வரியில் வைத்தேன்.

பெரம்பலூரில் இடுப்பில் பெல்ட் கட்டிய டிரைவர் யாராவது உங்களுக்கு வந்தால், அவர் போகிற வழியில் போங்கள். போன் மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் கொடுத்துவிடுவார்.